படம் எடுத்தவர் எங்கே தூங்கினார்? பெங்குவின் படங்கள் பற்றி ஒரு குறிப்பு

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. கெலவரப்பள்ளியில் அத்தை வீடு. மழை விடவே இல்லை, வெளியே போகவும் முடியாது. மடிக்கணினியில் 'மார்ச் ஆஃப் தி பெங்குவின்ஸ்' படத்தைப் போட்டேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் பேத்திக்கு ஏழு வயசு. நான்தான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஒரு கட்டத்துக்கு மேல் எனக்கே அலுத்துப்போய்ச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆயிரக்கணக்கான ஆண் பெங்குவின்கள் காலின் மேல் முட்டையை வைத்துக்கொண்டு, முதுகோடு முதுகு ஒட்டி, பனிப்புயலில் நிற்கிற இடம் அது. அத்தை கண் எடுக்காமல் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"ஏம்பா, இதப் படம் புடிச்சவன் எங்க தூங்குனான்? சோத்துக்கு என்ன பண்ணான்?"

இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த பாராட்டுரைகள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. இந்தக் குறிப்பே அதற்குப் பதில் தேடிப் போனதன் விளைவுதான்.

முதலில் படத்துக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் சேர்த்துவிடுவோம். லூக் ஜாக்கே இயக்கி 2005ல் வந்த பிரெஞ்சுப் படம் இது. அமெரிக்கப் பதிப்புக்கு மார்கன் ஃப்ரீமன் குரல் கொடுத்தார். மறு ஆண்டு சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. எம்பரர் பெங்குவின் அண்டார்டிகாவின் கடுங்குளிர்காலத்தில் முட்டையிடுகிறது. பெண் ஒரே ஒரு முட்டை இட்டு, அதை ஆணின் காலுக்கு மாற்றிவிட்டு, தீனி தேடிக் கடலுக்குப் போகிறது. ஆண் இரண்டு மாதத்துக்கு மேல் எதுவும் தின்னாமல் அடைகாக்கிறது. கூடலுக்கு முன்பிருந்தே பட்டினிதான், எல்லாம் சேர்த்தால் நாலு மாதத்தைத் தொடும். இந்த வாழ்க்கையைப் பொறுமையாக, ஒரு வருடம் கூடவே இருந்து எடுத்திருக்கிறார்கள். முட்டை கைமாறும் காட்சியில் ஒரு முட்டை பனியில் உருண்டு உறைந்துபோகிறது. அந்த இடத்தில் விளக்கவுரையே தேவையில்லை. அத்தை "அய்யோ" என்றார், அவ்வளவுதான்.

சரி, எங்கே தூங்கினார்கள்? இந்தப் படம் எடுக்கப்பட்டது டூமோன் தூர்வில் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தின் பக்கத்தில். எம்பரர் கூட்டம் கூடும் இடமும் நிலையமும் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் நடை தூரம். 1952லிருந்தே பிரெஞ்சுக்காரர்கள் அங்கே குளிர்காலம் தங்கியிருக்கிறார்கள். உலகத்திலேயே அதிக காலம் எண்ணப்பட்டு, வளையம் மாட்டப்பட்டு, கவனிக்கப்பட்ட எம்பரர் கூட்டங்களில் ஒன்று இது. ஆனால் படத்தில் ஒரு கட்டடம் இல்லை, ஒரு கம்பம் இல்லை, ஒரு மனிதன் இல்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போதுதான் கேமராக்காரர்கள் கொஞ்சம் தலைகாட்டுகிறார்கள். அதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.

மறைந்திருப்பது கட்டடம் மட்டும் இல்லை. 1980களில் அதே தீவுக்கூட்டத்தில் விமான ஓடுதளம் அமைக்க வேலை நடந்தது. சின்னச்சின்னத் தீவுகளை வெடிவைத்துத் தகர்த்து, இடையில் இருந்த கடலைத் தூர்த்தார்கள். பறவைகள் கூடு வைத்த பாறைகளும் அதில் போயின. எதிர்ப்பாளர்கள் நேரிலேயே போய் மறித்தார்கள். வேலை முடிந்தது. 1994 ஜனவரியில் பனியாற்றிலிருந்து உடைந்த பனி எழுப்பிய அலை அதைச் சிதைத்தது. ஓடுதளம் பயன்படவே இல்லை. இன்னொன்றும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் இந்த எம்பரர் கூட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெப்பம் கூடி, கடல்பனி குறைந்த வருடங்கள் அவை. படத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

படம் தன்னை அன்பின் கதை என்று சொல்லிக்கொள்கிறது. அமெரிக்காவில் சிலர் இதைக் குடும்ப ஒழுக்கத்துக்குப் பாடமாகவே தூக்கிப் பிடித்தார்கள். ஒரு தகவல் அவர்களுக்குப் பிடிக்காது: எம்பரர் பெங்குவின்களில் பெரும்பாலானவை அடுத்த வருடம் வேறு துணையோடுதான் சேரும். அதே ஜோடி தொடர்வது ஏழில் ஒன்று அளவுக்குத்தான். இது பெங்குவினின் குறை இல்லை. கூடு கட்டாத பறவை அது. திரும்பி வந்து தேட ஒரு முகவரி கிடையாது. குளிர்காலமோ காத்திருக்காது. அந்த வாழ்க்கைக்கு அந்த வழக்கம். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அதன் கழுத்தில் மாட்டியது நாம்தான்.

இதற்கு மறுப்பாக எப்போதும் சொல்லப்படும் படம், வெர்னர் ஹெர்சாக் 2007ல் எடுத்த 'என்கவுன்டர்ஸ் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்'. பெங்குவின் படம் எடுக்க வரவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். மக்மர்டோ என்ற அமெரிக்க நிலையத்தை அழுக்கும் சேறும் இயந்திரமுமாக, நம்ம ஊர் சிப்காட் மாதிரி காட்டுகிறார். யார் பஸ் ஓட்டுகிறார், யார் குழாய் மாட்டுகிறார் என்று கேட்கிறார். அத்தையின் கேள்விக்கு இந்தப் படத்தில் பதில் இருக்கிறது. அந்த வகையில் இது நேர்மையான படம்.

ஆனால் பெங்குவின் வந்ததும் ஹெர்சாக்கும் வழுக்குகிறார். கூட்டத்தை விட்டு, கடலை விட்டு, தனியாக மலையை நோக்கி நடக்கும் அந்த ஒற்றை அடேலி பெங்குவினைப் பலரும் துண்டு வீடியோவாகப் பார்த்திருப்பீர்கள். பறவைக்குப் பைத்தியம் பிடிக்குமா என்று ஆய்வாளரிடம் கேட்கிறார். சாவை நோக்கிய நடை என்கிறார். ஜாக்கே பெங்குவினைக் குடும்பஸ்தனாக ஆக்கினார் என்றால், ஹெர்சாக் அதைத் தத்துவவாதியாக ஆக்கிவிட்டார். பறவை வழி தவறியிருக்கலாம், நோயாக இருக்கலாம். நமக்கு அது போதவில்லை. நம் தனிமையை அது சுமந்தால்தான் திருப்தி.

அப்படியானால் பெங்குவினைத் தேடிப்போன பயணத்தை ஒழுங்காகச் சொன்னவர் யார்? என் பதில் ஒரு பழைய புத்தகம்: ஆப்ஸ்லி செர்ரி-கேரார்ட் எழுதிய 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்' (1922). ஸ்காட் குழுவில் இருந்தவர். 1911 ஜூன் கடைசியில், அவருக்கு 25 வயதில், எட்வர்ட் வில்சன், பவர்ஸ் என்ற இருவரோடு எம்பரர் முட்டை எடுக்கக் கிளம்பினார். ஒருவழி சுமார் 100 கிலோமீட்டர். சூரியனே உதிக்காத குளிர்காலம். மைனஸ் 60 டிகிரிவரை போன குளிர். முட்டைக்குள் இருக்கும் கருவைப் பார்த்தால், ஊர்வனவற்றிலிருந்து பறவை வந்த பாதை தெரியும் என்பது அன்றைய நம்பிக்கை. ஐந்து வாரம் போராடி மூன்று முட்டைகளோடு திரும்பினார்கள்.

எங்கே தூங்கினார்கள் என்ற கேள்விக்கு இந்தப் புத்தகம் பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறது. வியர்வை உறைந்து கல்லாகிப்போன தூக்கப்பையில் தூங்கினார்கள். அதற்குள் நுழையவே நேரம் பிடித்தது. குளிரில் பல் அடித்து, பல்லே விரிசல் விட்டது. புயலில் கூடாரம் பறந்துபோய், செத்தோம் என்று படுத்திருந்தார்கள். பிறகு அதே கூடாரம் கிடைத்தது. வில்சனும் பவர்ஸும் அடுத்த வருடம் ஸ்காட்டோடு இறந்துபோனார்கள். 1913ல் செர்ரி-கேரார்ட் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு முட்டைகளை எடுத்துப்போனார். ரசீதுக்காகக் காக்க வைத்தார்கள் என்று எழுதுகிறார். பின்னால் நடந்த ஆய்விலும் கருவிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. போன காரியம் வீண் என்று தெரிந்தும் போனதை மறைக்காமல் எழுதியதுதான் அந்தப் புத்தகத்தின் பெருமை.

இந்தியர்களும் போயிருக்கிறோம். 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து, 'போலார் சர்க்கிள்' என்ற வாடகை நார்வே கப்பலில், எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கிளம்பி, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கினார்கள். முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனிக்குள் புதைந்துபோக, 1989ல் மைத்ரி, 2012ல் பாரதி என்று நிலையங்கள் வந்தன. இஸ்ரோவின் மங்கள மணி 2016-17ல் பாரதியில் 403 நாள் தங்கினார். 2022ல் இந்திய அண்டார்டிகச் சட்டமும் வந்தது. அங்கே உள்ள முக்கியமான விதி: பிளாஸ்டிக்கோ, பேட்டரியோ, காலி எரிபொருள் பீப்பாயோ, கொண்டுபோனவர் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இன்று காசு கொடுத்தாலும் போகலாம். அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கப்பல் ஏறி இரண்டு நாள் டிரேக் கடலைக் கடந்தால் அண்டார்டிக தீபகற்பம். பல லட்சம் ரூபாய் ஆகும். 2023-24 பருவத்தில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போயிருக்கிறார்கள். தமிழிலும் பயண வீடியோக்கள் வர ஆரம்பித்துவிட்டன. அங்கே பார்ப்பது பெரும்பாலும் ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி வகைகள்தான். எம்பரரைப் பார்ப்பது அபூர்வம். விதிகள் கறாரானவை. ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது, பறவையிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், காலணியைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் கப்பல் புகைக்குக் காலணி கிடையாது. 2022ல் வந்த ஓர் ஆய்வின் கணக்கு: 2016-2020 காலத்தில் போன ஒவ்வொரு பயணிக்கும் சேர்த்த கரிப்புகை, சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகக் காரணம்.

வீடியோக்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல்: "மனுஷன் கால் படாத இடம்". 1966லேயே அடேலி பெங்குவின்களின் உடலில் டிடிடி கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே வயல் இல்லை, கொசு இல்லை, மருந்து அடித்தவர் யாரும் இல்லை. எங்கேயோ அடித்தது காற்றிலும் கடலிலும் போய்ச் சேர்ந்தது. கால் படாவிட்டால் என்ன, கழிவு போய்விட்டதே.

இதைச் சொல்ல எனக்குக் கெலவரப்பள்ளி வேண்டியிருக்கிறது. நந்தி மலையில் பிறந்து, பெங்களூருக்குப் பக்கமாக வந்து, கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணையின் முதல் பெரிய அணை இங்கேதான். உயரம் 44.28 அடி. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் தண்ணீரோடு நுரையும் பொங்கும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் நகரத்துச் சாக்கடை, சலவைத்தூள், ஆலைக்கழிவு எல்லாம் சேர்ந்த தண்ணீர். மேலிருந்து விழும்போது காற்றோடு அடிபட்டு நுரைக்கிறது. செய்திக்காரர்கள் டிரோன் விட்டு எடுத்து, 'பனிமலை போல்' என்று எழுதுகிறார்கள். அன்று படம் பார்த்தபோது பேத்தியும் அதைத்தான் சொன்னாள்: "ஆயா, நம்ம டேம் மாதிரியே இருக்கு." அத்தை சிரிக்கவில்லை. அந்தக் கால்வாய்த் தண்ணீரில்தான் அவருடைய கீரையும் தக்காளியும் விளைகின்றன. நீர் மாசைத் தடுக்கும் சட்டம் 1974லேயே நம்மிடம் இருக்கிறது. அண்டார்டிகாவுக்கு, கொண்டுபோனவன் திருப்பிக் கொண்டுவா. ஆற்றுக்கு, விட்டவன் விட்டதுதான்.

நானும் அந்த நுரையை எவ்வளவோ படம் எடுத்திருக்கிறேன். பாலத்தில் நின்று, அந்தி வெளிச்சத்தில், ஒரு மனிதனும் தெரியாமல். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். அந்தப் படங்களில் இல்லாத ஒரு விஷயம்: நான் எட்டு வருடம் பெல்லந்தூர் பக்கம் வாடகைக்கு இருந்தேன். என் சட்டை துவைத்த தண்ணீரும் இந்த வழியாகத்தான் அத்தை வயலுக்கு வந்திருக்கும். ஜாக்கேயைக் குற்றம் சொல்லும்போது என் படங்களையும் அதே வரிசையில்தான் வைக்க வேண்டும்.

அதனால் 'மார்ச் ஆஃப் தி பெங்குவின்ஸ்' பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். கூடவே அந்த ஓடுதளத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 2022ல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் பனி சீக்கிரம் உடைந்து, ஐந்து எம்பரர் கூட்டங்களில் நான்கில் குஞ்சுகள் ஒன்றுகூடத் தப்பியிருக்காது என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டியதையும் சொல்லுங்கள். அப்புறம் ஹெர்சாக். நேரம் இருந்தால் செர்ரி-கேரார்ட்.

அத்தைக்குப் பதில் சொன்னேன். பக்கத்திலேயே கட்டடம் இருக்கு அத்தை, கப்பல்ல சாப்பாடு வரும், கட்டில்ல தூங்கியிருப்பாங்க என்றேன்.

"அப்ப அதையும் காட்ட வேண்டியதுதானே?" என்றார். "காட்டுனா பறவைக்கு என்ன கொறஞ்சிடும்?"