சம்பந்திச் சண்டையும் ஒரு மௌனப் படமும்

பார்க்க முடியாத ஒரு படத்தைப் பற்றி விமர்சனம் எழுதலாமா? எழுதித்தான் ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) ஒன்றுதான் முழுசாக மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் போச்சு. போனவற்றைப் பற்றி நம் சினிமா வரலாறு ஒற்றை வரியில் தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது: ‘பெரும்பாலும் புராணப் படங்கள்.’ புராணம் என்றால் பக்தி, பக்தி என்றால் பிற்போக்கு. கணக்கு முடிந்தது. இந்தக் கணக்கைத்தான் கொஞ்சம் கலைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘உஷா சுந்தரி’யை எடுத்துக்கொள்வோம். ஏ. நாராயணன் 1929இல் சென்னையில் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷனின் படம். நடித்தவர் டி.பி. ராஜலட்சுமி, தன் பெயரின் முதலெழுத்திலேயே திருவையாற்றைச் சுமந்தவர். குழந்தை மணம் முறிந்து, பிழைப்புக்காக நாடகக் கம்பெனிக்கு வந்தவர். 1931இல் ‘காளிதாஸ்’ மூலம் தமிழ் பேசும் படத்தின் முதல் நாயகி ஆனவர். 1936இல் தன் நாவலையே ‘மிஸ் கமலா’ என்று இயக்கியவர்.

உஷையின் கதை பக்திக் கதையே கிடையாது. சுத்தமான காதல் நகைச்சுவை. பாணாசுரன் மகள் கனவில் ஒருவனைக் கண்டு மயங்குகிறாள். ஆள் யாரென்று தெரியாது. தோழி சித்திரலேகை படம் வரைந்து வரைந்து காட்டுகிறாள். தேவர்கள், கந்தர்வர்கள், பிறகு யாதவ குலம் தலைமுறை தலைமுறையாக. கிருஷ்ணன் படம் வருகிறது. பிரத்யும்னன் படம் வந்ததும் உஷைக்கு வெட்கம். காரணம், அவர் மாமனார்! அடுத்த படத்தில் அநிருத்தன். தலை குனிந்துகொள்கிறாள். அவ்வளவுதான், தீர்மானம் ஆகிவிட்டது.

இந்த இடத்தை நம் ஊர்ப் பெண் பார்க்கும் சடங்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஜ்ஜி சொஜ்ஜியோடு ஆண் வீட்டார் உட்கார்ந்திருக்க, பெண் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போகிற காட்சி இங்கே தலைகீழாகிறது. ஒரு குலத்து ஆண்கள் அத்தனை பேரும் வரிசையாகப் படமாக வந்து நிற்க, ஒரு பெண் உட்கார்ந்து ‘இவன் வேண்டாம், இவன்தான்’ என்கிறாள். பார்வையின் அதிகாரம் கை மாறுகிறது. பேச்சு தேவைப்படாத காட்சி இது, படமே பேசுகிறது. மௌன சினிமாவுக்கு இதைவிடப் பொருத்தமான கதை எது?

இதே கதைதான் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூரில் ‘உஷா பரிணயம்’ என்று மேடையேறுகிறது. வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு பாகவத மேளா நாடகம். மரபுப்படி அங்கே உஷையாக ஆடுவதும் ஆண்தான். அக்ரகாரத் தெருவில் பெண்ணின் ஆசை ஆண் உடம்பின் வழியாகத்தான் வெளிவர முடிந்தது. அதே கதை படமானபோது, அதே வட்டாரத்துப் பெண் ஒருத்தி தன் உடம்போடு திரையில் வந்து நின்றாள். ‘புராணப் படம்’ என்ற ஒற்றைச் சொல் இந்த இடைவெளியைத்தான் மூடி மறைக்கிறது.

ஆனால் உடனே கொண்டாடிவிடவும் முடியாது. மீதிக் கதையைப் பாருங்கள். அந்தப்புரத்தில் பையன் பிடிபடுகிறான். பாணன் அவனை நாகபாசத்தில் கட்டிப்போடுகிறான். பேரனை மீட்கக் கிருஷ்ணன் படையோடு வருகிறான். பாணனுக்காகச் சிவனே களத்தில் இறங்குகிறான். சைவ வைணவச் சண்டை கடைசியில் சம்பந்திச் சண்டையாக முடிகிறது. பாணனின் ஆயிரம் கைகளில் நாலு மிஞ்சுகின்றன. பிறகு கல்யாணம். தேர்ந்தெடுத்தவள் உஷை, ஆனால் முடித்து வைப்பது தாத்தாவும் அப்பாவும். கை வெட்டுப்படுகிறவன் அசுரன் என்பதையும் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு ஆசை உண்டு, தீர்ப்பு ஆண்களுக்கு. நகைச்சுவையின் எல்லை இது.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்தச் சண்டை சிரிப்பில் முடிவதற்குக் காரணம், இரண்டு பக்கமும் தேர், படை, கடவுள் மூன்றும் இருப்பதுதான். சமபலம் உள்ள குடும்பங்களின் பகை கல்யாணச் சாப்பாட்டில் கரையும். பலம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால்? உடுமலைப்பேட்டையில் 2016இல் சங்கரை நடுத்தெருவில் வெட்டினார்கள். அவருக்காக எந்தத் தாத்தாவும் சக்கரத்தோடு வரவில்லை. ‘குடும்பப் பகையைக் காதல் வெல்லும்’ என்று நம் சினிமா இத்தனை வருஷமாகச் சொல்லிவரும் கதையில், சாதி சமமாக இருக்கும் என்ற நிபந்தனை சொல்லாமல் ஒளிந்திருக்கிறது. உஷையின் கதை அந்த நிபந்தனையைக் குறைந்தபட்சம் அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது.

ஆகவே புராணம் / சமூகம் என்ற பிரிவினையை வைத்துக்கொண்டு மௌனப் படங்களை வாசிக்க முடியாது. யார் பார்க்கிறார்கள், யார் தேர்கிறார்கள், யார் முடித்து வைக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். பிலிம் கரைந்துபோனாலும் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், நாடகப் பிரதி என்று தடயங்கள் பழைய பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைத் தேடுகிறவர்கள் இந்தக் கேள்விகளோடு போகட்டும். சித்திரலேகை வரைந்த படங்களில் உஷை எதைத் தள்ளினாள் என்பதும் அவள் வரலாறுதான்.