கோஃபிஷ் ஏபிஐ: க்ளிக் எண்ணிக்கைக்கு அடியில்

ஃபிஷிங் ஒத்திகை முடிந்ததும் மேலிடத்திலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை பேர் மாட்டினாங்க?" கோஃபிஷ் மென்பொருளின் முகப்புத் திரை வட்ட வட்டமாகப் படம் போட்டு அதற்குப் பதில் சொல்லிவிடும். அந்த எண்ணை நம்பி ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கக் கிளம்பும் முன், அதே விவரங்களை ஏபிஐ வழியாக ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது. க்ளிக் என்று பதிவானதெல்லாம் மனிதர் செய்ததல்ல என்பது அங்கேதான் பிடிபடும்.

கோஃபிஷ், ஜோர்டன் ரைட் உருவாக்கிய திறமூல மென்பொருள். கோ மொழியில் எழுதப்பட்டது, எம்ஐடி உரிமம், காசு கிடையாது. நான் ஓட்டிப் பார்த்தது 2022-இல் வெளிவந்த 0.12.1 பதிப்பு. ஜிப் கோப்பை இறக்கி விரித்து இயக்கினால் போதும், எஸ்க்யூலைட் தரவுத்தளம் கூடவே உருவாகிவிடுகிறது. நிர்வாகப் பக்கம் 3333-ஆம் போர்ட்டில், அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டும் திறக்கும். உள்ளே செட்டிங்ஸ் பக்கத்தில் ஏபிஐ கீ இருக்கிறது. அதை ஆதரைசேஷன் ஹெடரில் 'பேரர்' என்ற சொல்லுக்குப் பின்னால் சேர்த்து அனுப்ப வேண்டும். முகவரியின் வாலிலேயே கீயை ஒட்டி அனுப்பும் வழியும் உண்டு. அது வேண்டாம்; முகவரிகள் எங்காவது ஒரு லாக் கோப்பில் தங்கிவிடும்.

ஒத்திகை விவரங்களைக் கேட்க மூன்று முகவரிகள் முக்கியம். வெறும் 'கேம்பெய்ன்ஸ்' என்று கேட்டால் இதுவரை நடத்திய எல்லா ஒத்திகைகளும் வந்து கொட்டும். அஞ்சல் வார்ப்புரு, போலிப் பக்கத்தின் முழு எச்டிஎம்எல், ஒவ்வொருவரின் நிலை என எதையும் விடாது. பக்கம் பக்கமாகப் பிரித்துக் கேட்க வழியில்லை. ஒத்திகைகள் சேரச் சேர இது பெருத்துக்கொண்டே போகும். பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் 'சம்மரி' போதும். குறிப்பிட்ட ஒன்றைத் தோண்டுவதற்கு அதன் எண்ணோடு 'ரிசல்ட்ஸ்' என்று கேட்க வேண்டும். இன்னும் முடியாத ஒத்திகைக்கு முடிந்த தேதி 0001 ஜனவரி 1 என்று வந்தால் பதற வேண்டாம். தேதி நிரப்பப்படாவிட்டால் கோ மொழி காட்டும் வெறுமை அது.

சம்மரியும் ரிசல்ட்ஸும் ஒரே கணக்கைச் சொல்வதில்லை. ரிசல்ட்ஸில் ஒவ்வொருவருக்கும் அவர் எட்டிய கடைசிப் படி மட்டுமே நிலையாக நிற்கும். சம்மரியோ கீழிருந்து மேலாகக் கூட்டுகிறது: விவரம் கொடுத்தவர் க்ளிக் செய்தவரிலும் சேர்வார், க்ளிக் செய்தவர் அஞ்சலைத் திறந்தவரிலும் சேர்வார். 20 பேர் க்ளிக் செய்து, அவர்களில் 5 பேர் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள் என்று வையுங்கள். சம்மரி 20 என்னும். ரிசல்ட்ஸில் 'க்ளிக்டு லிங்க்' நிலையை எண்ணினால் 15-தான் தேறும். இரண்டும் சரிதான், ஆனால் அறிக்கையில் இரண்டையும் கலந்தால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கேட்பார்.

ரிசல்ட்ஸோடு வரும் டைம்லைன்தான் இந்த ஏபிஐயின் பொக்கிஷம். ஒவ்வொரு நிகழ்வும் நேரத்தோடு வருகிறது. நேரம் யூடிசி என்பதால், 4.10 என்று இருந்தால் நமக்குக் காலை 9.40. திறந்தது, க்ளிக் செய்தது போன்ற நிகழ்வுகளில் 'டீடெயில்ஸ்' என்ற புலத்துக்குள் ஐபி முகவரியும் பிரவுசர் அடையாளமும் இருக்கும். அந்தப் புலம் ஜேசானுக்குள் சரமாக மடித்து வைத்த இன்னொரு ஜேசான், இரண்டு முறை பிரிக்க வேண்டும். ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்தேன். பலன் இருந்தது. அஞ்சல் போய்ச் சேர்ந்த சில நொடிகளிலேயே, ஏதோ ஒரு தரவு மையத்தின் ஐபியிலிருந்து, பல பேர் பெயரில் ஒரே மாதிரியான க்ளிக் வரிசை தெரிந்தால், அது அநேகமாக இணைப்புகளை முன்கூட்டியே திறந்து பார்க்கும் அஞ்சல் பாதுகாப்பு மென்பொருளின் வேலை. முகப்புத் திரை அவற்றையும் ஊழியர் கணக்கில் எழுதிவிடும். நிரலில் இரண்டு மூன்று நிபந்தனை போட்டால் வடிகட்டிவிடலாம்.

'திறந்தவர்கள்' எண்ணை நான் அறிக்கையிலேயே சேர்க்க மாட்டேன். அது அஞ்சலில் ஒளித்த ஒரு குட்டிப் படம் இறங்குவதை வைத்துச் சொல்லும் கணக்கு. 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்த ஆப்பிளின் அஞ்சல் தனியுரிமை வசதி, பயனர் திறக்காமலேயே படங்களை இறக்கி வைக்கும். படங்களை அடியோடு தடுக்கும் அஞ்சல் செயலிகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

மாறாக, 'ரிப்போர்ட்டட்' புலத்தைக் கவனியுங்கள். இது நிலையோடு கலக்காமல் தனியாக ஆம்/இல்லை என்று நிற்கிறது. அதனால் க்ளிக் செய்துவிட்டு, சந்தேகம் வந்து உடனே புகாரும் அனுப்பியவரைத் தனியே எடுக்க முடிகிறது. அவரைத் தோற்றவர் பட்டியலில் வைப்பது அநியாயம். உண்மையான தாக்குதல் நடக்கும் நாளில் முதல் எச்சரிக்கை இப்படிப்பட்டவரிடமிருந்தே வரலாம். டைம்லைனில் முதல் அஞ்சலுக்கும் முதல் புகாருக்கும் இடைப்பட்ட நிமிடங்களைக் கணக்கிடுவது எளிது. மேலாளரிடம் க்ளிக் சதவீதத்துக்கு முன்னால் வைக்க வேண்டிய எண் அதுவே.

இனி, உறுத்துவது. ஒத்திகையை முடித்துவைக்கும் 'கம்ப்ளீட்' முகவரி வேலை செய்வது கெட் முறையில். கெட் என்றால் படிக்க மட்டும் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கும்போது இது ஆபத்தான விதிவிலக்கு. முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் ஒரு நிரல், நடந்துகொண்டிருக்கும் ஒத்திகையை நிறுத்திவிடும், அதன்பின் வரும் க்ளிக்குகள் பதிவாகாது. படிக்க மட்டும் உரிமையுள்ள கீயும் இதில் இல்லை. கீ கையில் கிடைத்தவர் அந்தப் பயனர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்யலாம், புதிய ஒத்திகை அனுப்புவது உட்பட. போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் பதிவுசெய்யச் சொல்லியிருந்தால், அதுவும் குறியாக்கம் இல்லாமல் டைம்லைனில் வரும். அந்த வசதியை அணைத்தே வையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் சொந்த ஒத்திகை வசதியைப் படிக்கும் கிராஃப் ஏபிஐயில் கீ பற்றிய இந்தக் கவலை குறைவு. அங்கே ஒத்திகை விவரங்களைப் படிக்க மட்டுமான தனி அனுமதி இருக்கிறது, மொத்த அறிக்கையும் பயனர்வாரி அறிக்கையும் தனித்தனி முகவரிகளில் கிடைக்கின்றன. ஆனால் ஆஃபீஸ் 365-க்கான டிஃபெண்டரின் இரண்டாம் திட்ட உரிமம் வேண்டும். ஏற்கெனவே அதற்குப் பணம் கட்டும் நிறுவனம் கோஃபிஷ் பக்கம் வரத் தேவையில்லை.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை: கோஃபிஷுக்கு முன்னால் எஞ்சினெக்ஸ் என்ற வலைச் சேவையகத்தை இடைத்தரகராக வையுங்கள். சம்மரி, ரிசல்ட்ஸ் முகவரிகளை மட்டும் கெட் முறையில் அனுமதித்து, மற்றவற்றுக்கு 403 திருப்பச் சொல்லுங்கள். கீயை எஞ்சினெக்ஸே ஹெடரில் சேர்த்துவிடட்டும், யார் உள்ளே வரலாம் என்பதை அங்கேயே தனிக் கடவுச்சொல்லால் கட்டுப்படுத்தலாம். அறிக்கை எழுதும் நிரலுக்குக் கீ என்னவென்றே தெரிய வேண்டியதில்லை.