கேட்டால் மட்டும் பேசும் அட்டை

சிம் அட்டைக்குத் தானாகப் பேச்சைத் தொடங்கும் உரிமை கிடையாது. ஃபோன் கட்டளையிடும், அட்டை விடை சொல்லும். மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் ஃபோனிடமிருந்தே வரவேண்டும். தரவு போய்வர இருப்பதும் ஒரே இணைப்பு. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் 1991-இல் பின்லாந்தின் ரேடியோலின்யா செல்பேசி நிறுவனத்துக்கு முதல் சிம் அட்டைகளைச் செய்துகொடுத்தபோது இந்த ஒழுங்கு போதுமானதாக இருந்தது. நெட்வொர்க் ஒரு புதிர் எண்ணை அனுப்பும். அட்டை தன் ரகசியச் சாவியைக் கொண்டு கணக்குப் போட்டு விடை தரும். அதற்குமேல் அதனிடம் பெரிதாக எதிர்பார்ப்பு இல்லை.

பிறகுதான் அட்டைக்குள் செயலிகளை வைக்கும் எண்ணம் வந்தது. செயலி என்றால் மெனு காட்ட வேண்டும், தொகையைக் கேட்டு வாங்க வேண்டும், குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அட்டையிடம் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. எல்லாவற்றையும் ஃபோனைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஏவப்படுவது ஏவுவதை எப்படி ஏவும்? அட்டைச் செயலிகளுக்கான சிம் டூல்கிட் விதிமுறையை வகுத்தவர்கள் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அட்டை தரும் ஒவ்வொரு விடையின் முடிவிலும் இரண்டு பைட் உண்டு. பதினாறடிமான எண்ணில் 90 00 என்று வந்தால் வேலை நல்லபடியாக முடிந்தது என்று பொருள். அந்த 90-ஐ 91 ஆக்கினார்கள். ‘நீ சொன்ன வேலை முடிந்தது, எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது’ என்பது இதன் பொருள். கூட வரும் இரண்டாவது பைட், சொல்லப்போவது எத்தனை பைட் நீளம் என்பதையும் அறிவித்துவிடுகிறது. உடனே ஃபோன் ‘ஃபெட்ச்’ என்ற கட்டளையை அனுப்பும். அட்டை தன் வேண்டுதலை அதற்கு விடையாக நீட்டும். வேலையை முடித்த ஃபோன், நடந்ததை ‘டெர்மினல் ரெஸ்பான்ஸ்’ என்ற இன்னொரு கட்டளையாகவே வந்து தெரிவிக்கும். பழைய ஒழுங்கில் ஒரு விதிகூட மீறப்படவில்லை. ஆனால் வேலை வாங்குவது இப்போது அட்டை.

ஃபோன் சும்மா கிடக்கும்போது அட்டைக்குப் பேச வேண்டியிருந்தால்? அதற்கும் வழி வைத்தார்கள். ஏறத்தாழ 30 விநாடிக்கொரு முறை ஃபோன் ‘ஸ்டேட்டஸ்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் 90 00, இருந்தால் 91.

இதிலும் நுணுக்கமான ஒன்று, பழைய ஃபோன்களிடம் காட்டிய கரிசனம். டூல்கிட் தெரிந்த ஃபோன், மின்சாரம் பாய்ந்ததும் தனக்கு என்னென்ன தெரியும் என்ற பட்டியலை, திறமைக்கு ஒரு பிட் என்ற கணக்கில், அட்டையிடம் கொடுக்கும். அந்தப் பட்டியல் வராவிட்டால் ஃபோன் பழையது என்று அட்டை தானே தெரிந்துகொள்ளும். அதனிடம் 91 என்று ஒருபோதும் சொல்லாது. புரியாத மொழியைப் பேசி அதைத் திகைக்க வைப்பதில்லை.

2007 மார்ச்சில் கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற பணப் பரிமாற்றச் சேவையின் மெனு இந்த ஏற்பாட்டின் மேல்தான் ஓடியது. கையிலிருந்தது மலிவான பொத்தான் ஃபோனாக இருந்தாலும் போதும். பணம் அனுப்பும் செயலி அட்டைக்குள் இருந்தது. செயலி தொகையைக் கேட்க, ஒருவர் விரல் பொத்தானில் தயங்கும் அந்த வேளையை நினைத்துப் பாருங்கள். செயலியை எழுதியவருக்கு அது நிரலில் ஒரே ஒரு வரி: அனுப்பு, விடை வரும்வரை நில். ஆனால் அந்த இடைவெளியில் ஓர் அழைப்பு வரலாம், நெட்வொர்க் தன் புதிர் எண்ணை நீட்டலாம். அட்டை, செயலியை நின்ற இடத்திலேயே நிறுத்திவைத்து, புதிருக்குக் கணக்குப் போட்டு விடை தந்துவிட்டு, தொகை வந்ததும் விட்ட வரியிலிருந்து அதைத் தொடர வைக்கும். சில கிலோபைட் நினைவகத்துக்குள் இத்தனையும்.

ஓர் அட்டையில் பல செயலிகள் இருக்கலாம். பொதுக் கிணறு உள்ள வளவில் பல குடித்தனங்கள் இருப்பதைப் போன்ற வாழ்க்கை அது. ஒன்றின் பொருளை இன்னொன்று தொட முடியாதபடி அட்டைகளுக்கான ஜாவா வடிவமான ஜாவா கார்டின் தடுப்புச் சுவர் நிற்கிறது. பகிர விரும்பியதை மட்டும் வெளிப்படையாகப் பகிரலாம். திரைக்கான வழி ஒன்றே. ஒரு செயலி அதைப் பிடித்திருக்கும்போது இன்னொன்று கேட்டால் மறுப்பு வரும். ஆனால் ‘வழி காலியானதும் என்னைக் கூப்பிடு’ என்று பதிந்துவைக்கும் வசதியைப் பின்னாளில் சேர்த்தார்கள். மென்பொருள் விதிமுறையில் இப்படியொரு மரியாதையைப் பார்ப்பது அரிது.

இந்தச் செயலிகளைத் தொலைவிலிருந்தே ஏற்றலாம், நீக்கலாம். 140 பைட் கொண்ட குறுஞ்செய்திகளாக அவை துண்டு துண்டாக வருகின்றன. ஒவ்வொரு கட்டளையோடும் ஐந்து பைட்டில் ஓர் எண்ணி வரும். பழைய செய்தியை யாரேனும் பிடித்துவைத்து மறுபடி அனுப்பினால் எண் பின்தங்கியிருக்கும், அட்டை மறுத்துவிடும். நேர்த்தியான காவல்தான், ஆனால் ஓரிடத்தில் ஓட்டை இருந்தது. 2013-இல் கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அதைக் காட்டினார். சில அட்டைகள், போலிக் கையொப்பத்தோடு வந்த செய்திக்கு ‘இது தவறு’ என்று தங்கள் சொந்தக் கையொப்பத்தோடு பதில் அனுப்பின. அதிலிருந்து டெஸ் குறியாக்கத்தின் 56 பிட் சாவியைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. போலிக்குப் பதிலே சொல்லியிருக்கக் கூடாது என்பது என் கட்சி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. 1996-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் ஷ்லும்பெர்ஜர் பொறியாளர்கள் ஜாவாவை அட்டைக்குள் புகுத்தும் முயற்சியில் இறங்கினார்கள். ஒருவர் எழுதிய செயலி எந்த நிறுவனத்தின் அட்டையிலும் ஓட வேண்டும் என்பது ஜாவா கார்டின் நோக்கம். ஜாவாவில் எல்லாவற்றுக்கும் நீண்ட பெயர்கள். அட்டையில் அவற்றுக்கு இடமில்லை. எனவே பின்னாளில், செயலி ஏறும் கேப் கோப்பில் பெயர்களை உதறிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு எண் கொடுத்தார்கள். இந்த எண் தன் சில்லில் எந்த முகவரியைக் குறிக்கிறது என்பது அந்தந்த அட்டைக்குத் தெரிந்தால் போதும். ஏறிய நிரலில் எங்கெல்லாம் எண்ணை மாற்றி எழுத வேண்டும் என்ற குறிப்பும் உடன் வருகிறது. அது இடங்களை முழு முகவரியாகச் சொல்வதில்லை. முந்தைய இடத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்று ஒரே பைட்டில் சொல்கிறது. தூரம் அதற்குள் அடங்காவிட்டால் 255 என்று எழுதி, மிச்சத்தை அடுத்த பைட்டில் தொடர்கிறது. அந்தப் பொது எண்களாலும், ஒரு பைட்டைச் சேமிக்க எடுத்துக்கொண்ட இந்தச் சிரத்தையாலும்தான் போட்டி நிறுவனங்களின் அட்டைகளில் ஒரே கோப்பு ஏற முடிந்தது.

ஃபோனிலேயே பதிக்கப்பட்ட ஈசிம் வந்தபின், செல்பேசிச் சேவை நிறுவனத்தின் முழுத் தொகுப்பும் தரவிறக்கமாக வருகிறது. எந்த உற்பத்தியாளரின் சில்லிலும் ஏறும்படி அதற்கொரு பொது வடிவத்தை சிம் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பான சிம்அலயன்ஸ் வகுத்தது. செயலிகள் அதற்குள் இன்றும் அதே சிறு எண்களோடும் தூரக் கணக்கோடும்தான் ஏறுகின்றன.