உச்சரிப்பும் வெட்கமும்

அமெரிக்காவில் வாழும் மெக்சிக்க வழியினரான சிக்கானோ மக்களின் மொழிநிலையை ஆராயும் நூல்களுள் குளோரியா அன்சால்துவாவின் ‘பார்டர்லேண்ட்ஸ்’ (1987) தலையாயது. பள்ளி இடைவேளையில் ஸ்பானியம் பேசியதற்காக அளவுகோலால் விரல்முட்டியில் அடிபட்டதையும், டெக்சாஸ் பல்கலைக்கழகமொன்றில் சிக்கானோ மாணவர் யாவரும் தம் உச்சரிப்பைக் களைவதற்கென்றே இரு பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதையும் ஆசிரியை எழுதுகிறார். ‘ஷிபோலேத்’ சோதனை நியாயாதிபதிகளின் காலத்தோடு முடிந்துவிடவில்லை போலும்!

எனினும், இவற்றினும் ஆழமானது வேறொரு பகுதி. தங்கள் ஸ்பானியம் கொச்சையென்று ஸ்பானியம் பேசும் பிறர் இகழக் கேட்டுப் பழகிய சிக்கானோப் பெண்கள், தங்களுக்குள்ளும் கூச்சமுற்று, ஆங்கிலத்தையே நடுநிலை மொழியெனப் புகலடைகின்றனர் என்கிறார். அளவுகோல் அடியைவிட இவ்வெட்கமே நெடுநாள் நிற்கிறது.

ஸ்பானியத் தொடர்கள் பலவற்றை அவர் மொழிபெயர்க்காமலே விட்டிருப்பதைக் குறையென்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். சிக்கானோப் பிள்ளைகள் வகுப்பறையில் நாள்தோறும் அடைந்த தடுமாற்றத்தை, ஆங்கிலம் மட்டும் அறிந்த வாசகர் அவ்விடங்களிற் சிறிதேனும் உணர்கின்றார்.