தேடத் தெரிந்த பிள்ளைகள்

“உங்கட பிள்ளையளுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியும் அக்கா, புத்தகத்தில தேடத் தெரியாது.”

ரங்கநாதரைச் சேவிக்க வவுனியாவிலிருந்து வந்திருந்த உறவுக்கார ஆசிரியை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னது இது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரனிடம் ஏதோ ஒரு விவரம் கேட்டிருக்கிறார். அவன் பொருளடக்கத்தைப் பார்க்காமல் முதல் பாடத்திலிருந்து தாள் தாளாகப் புரட்டியிருக்கிறான். விருந்தாளியிடம் வாதாடக் கூடாதென்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் திருச்சிப் பள்ளிகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஒரு பிள்ளையை வைத்து ஊரையே எடை போடலாமா?

அவர் விட்டுச் சென்ற இலங்கைப் பாடநூல்களைப் பிறகு நிதானமாகப் பார்த்தேன். நல்ல புத்தகங்கள். 1980 முதல் அங்கே அரசு பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துவருகிறது. அச்சிடுவது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். பாடத்தின் நடுவே ‘மேலதிக அறிவுக்காக’ என்று ஒரு கட்டம். பாடம் முடிந்ததும் கலைச்சொற்கள், எதிரே அவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். படத்தின் கீழே ‘உரு’ என்று போட்டு எண். நம் அறிவியல் அங்கே விஞ்ஞானம். செல் கலம் ஆகிறது, திசு இழையம் ஆகிறது, ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு ஆகிறது. அந்தப் பட்டியல்களை மட்டும் தனியாக உட்கார்ந்து படித்தேன். அவ்வளவு அழகான சொற்கள்.

நம் புத்தகங்களும் சளைத்தவை அல்ல. 2018இல் தொடங்கி வந்த புதிய பாடநூல்களில் கற்றல் நோக்கங்கள், ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டி, ‘நினைவில் கொள்க’, கலைச்சொற்கள், கைப்பேசியில் காட்டினால் காணொளி திறக்கும் கியூஆர் கோடு எல்லாம் உண்டு. தமிழ்ப் புத்தகத்தில் ‘நூல்வெளி’ என்ற பகுதி ஆசிரியரையும் நூலையும் அறிமுகப்படுத்துகிறது. மேல்வகுப்புகளில் ‘அறிவை விரிவு செய்’ என்று மேற்கொண்டு படிக்க வேண்டிய நூல்களின் பெயர்களையே கொடுத்திருக்கிறார்கள். பாடப் புத்தகமே பிள்ளையை நூலகத்துக்கு அனுப்பிவைக்கிறது. இதைவிடப் பெரிய காரியம் ஒரு பாடநூலால் செய்ய முடியுமா?

புத்தகத்தில் இருந்தால் போதாது, வகுப்பில் நடக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் நான் வழக்கமாகச் செய்துவந்த பயிற்சி ஒன்று. பள்ளி நூலகத்திலிருந்து வரலாறு, புவியியல் நூல்களை எடுத்துவந்து குழுவுக்கு ஒன்றாகக் கொடுப்பேன். கல்லணையைக் கட்டியது யார் என்று கேட்கமாட்டேன். அது தெரியாத திருச்சிப் பிள்ளை கிடையாது. கல்லணை எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்பேன். பொருளடக்கத்தில் கல்லணை என்று தலைப்பே இருக்காது. ஒருத்தி கரிகாலனை நினைத்துச் சோழர் பாடத்துக்குப் போவாள். இன்னொருவன் காவிரி என்று ஆறுகளுக்குப் போவான். மூன்றாவது பிள்ளை பாசனத்தைத் திறப்பான். மூன்றும் சரியான வழிதான். தேடுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பது அங்கேதான் அவர்களுக்குப் புரியும்.

எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் காட்டும் சொல்லடைவு பின்னால் இருக்கிற நூல் கிடைத்த குழு முந்திக்கொள்ளும். அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. ‘கலை’ முன்னால் வருமா, ‘கல்லணை’ முன்னால் வருமா? ல், ல இரண்டில் எது முதலில்? க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத் திறந்து புள்ளி எழுத்துதான் முன்னால் என்று காட்டினால், அதன் பிறகு எந்த அகராதியைக் கண்டும் அந்தப் பிள்ளை பயப்படாது.

இந்தப் பழக்கம் எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. நாலாயிரம் பாசுரங்களில் ஒன்றைத் தேட, பிரபந்தப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பாட்டு முதற்குறிப்பு அகராதியைப் புரட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். பஞ்சாங்கத்தில் தேதிக்கு நேரே விரலை நகர்த்தித் திதியும் நட்சத்திரமும் படிக்கச் சொல்லிக் கொடுத்தது என் பாட்டி. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் ருசியைத் தமிழ்நாட்டுக்கே ஊட்டிய ‘ஏன், எதற்கு, எப்படி’யை எழுதிய சுஜாதா, ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

பழைய கணக்கைப் பார்த்தால் இலங்கை முந்திக்கொண்ட இடங்களும் உண்டு. மானிப்பாய் அகராதி 1842இல் வந்தது. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் யாழ்ப்பாணத்தில் வெளியானது. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி அதற்குப் பின், 1910இல்தான். ஆனால் பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் முடித்து, குழந்தைகளுக்கென்றே இன்னும் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தது இந்த மண்ணில். நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த ரங்கநாதன் பிறந்த சீர்காழியும் காவிரிப் படுகையில்தான் இருக்கிறது.

இரண்டு கரையும் சேருமிடம் திருச்சியிலேயே இருக்கிறது. கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். வரைபடப் பயிற்சி கொடுத்த நாளில் ஒரு பெண், “அம்மா இதைத் தேசப்படம் என்பார்” என்றாள். தேசப்படமோ நிலவரைபடமோ, வடக்கு எது, அளவை எது, நீலக் கோடு எதைக் குறிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை அவள் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்திருந்தாள். இலங்கை வகுப்பறைகளின் தரத்தை நான் அறிந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட தாய்மார்களின் வழியாகத்தான். நல்ல தரம்தான்.

ஒரு குறை இரு பக்கமும் பொது. என் கையில் இருக்கும் இரு நாட்டுப் பள்ளி நூல்களிலும் சொல்லடைவு இல்லை. கலைச்சொற்கள் பொருளைச் சொல்கின்றன, பக்கத்தைச் சொல்வதில்லை. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலின் கடைசியில் நம் பாடநூல் கழகம் நாலு பக்கம் சொல்லடைவு சேர்க்கட்டும். வாரத்தில் ஒரு பாடவேளையை ஆசிரியர்கள் தேடுவதற்கென்றே ஒதுக்கட்டும். தேட இடம் கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் எவருக்கும் பின்தங்க மாட்டார்கள்.