மேலே ஆறு பங்கு, கீழே பத்துப் பங்கு

“பொருள்: மின் இணைப்பு – தாழ்வழுத்தம் – ஓசூர் சிப்காட் – மின்சுமை உயர்த்துதல் – அனுமதி கோருதல் – தொடர்பாக.”

அலுவல் கடிதத்தில் நான் முதலில் ரசிப்பது இந்தப் பொருள் வரியைத்தான். பரந்த தலைப்பில் தொடங்கி, கோட்டுக்கு ஒரு படியாக இறங்கி, கேட்க வந்த காரியத்தில் வந்து நிற்கிறது. கடிதத்தை எந்தப் பிரிவுக்கு அனுப்பலாம் என்பது தபால் பிரிப்பவருக்கு முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலேயர் காலத்து அலுவலக நடைமுறையில் பிறந்த வழக்கம் இது. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு தமிழில் நன்றாக வேரூன்றிவிட்டது. கீ. இராமலிங்கனார் போன்றவர்கள் ஆட்சித் தமிழுக்காக உழைத்த உழைப்பு இப்படிப்பட்ட வரிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் இந்த வரி தாளில் எப்படி வந்து விழுகிறது? பெரும்பாலும் போன மாதத்துக் கடிதத்தைத் திறந்து, பெயரை மாற்றி, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஓரம் சேர்க்கிறோம். பொருள் இரண்டு வரிக்கு நீண்டால் இரண்டாவது வரி ‘பொருள்’ என்ற சொல்லுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘இப்படிக்கு’ மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. செய்தி சரியாக இருந்தும் கடிதம் கலைந்து நிற்கிறது.

இதற்கு மாற்று வழி ஒன்று ஓசூர்க்காரர்களின் கைக்குப் பழகியதே. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. இங்குள்ள சின்னச் சின்னப் பட்டறைகளில்கூட சி.என்.சி. இயந்திரம் ஓடுகிறது. ஆபரேட்டர் திரையில் பார்ப்பது படமல்ல, ஜி-கோடு என்னும் வெறும் எழுத்து: ஜி00 என்றால் வேகமாக நகர், ஜி01 என்றால் வெட்டிக்கொண்டு நகர், எம்30 என்றால் நிரல் முடிந்தது. அந்த எழுத்தைப் படித்து இயந்திரம் உலோகத்தை உருவாக்குகிறது. நிரலைத் திருத்தாதவரை ஆயிரமாவது உருப்படிக்கும் அதே கட்டளைதான்.

லாடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருள் தாளில் செய்வதும் இதுவே. சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் ‘இது பெறுநர் முகவரி, இது விளிப்பு, இது முடிப்பு’ என்று பெயர் சொல்லி எழுதிவிட்டால், எது எங்கே உட்கார வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். இதன் அடித்தளமான டெக், டொனால்டு நூத் உருவாக்கியது. 1977-இல் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படிகளின் அழகின்மை பொறுக்காமல் இந்த வேலையில் இறங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லாடெக். 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலைத் துறந்துவிட்ட நூத், தம்மைத் தொடர்புகொள்ள விரும்புவோரைத் தபாலில் எழுதச் சொல்கிறார். டெக்கை உருவாக்கியவர் கடிதத்தை மதிக்கும் மனிதர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

லாடெக்கோடு வரும் ‘லெட்டர்’ வார்ப்பில் நான் அடிக்கடி வியக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. நான்கைந்து வரிக் கடிதம் என்றால் அது தாளின் உச்சியில் ஒட்டிக்கொள்வதில்லை, நடுவிலும் மிதப்பதில்லை. மிச்சமிருக்கும் வெற்றிடத்தை மேலே ஆறு பங்கு, கீழே பத்துப் பங்கு என்ற கணக்கில் பிரித்துவைக்கிறது. கண் நிம்மதியாக இறங்கும் இடம் அது. அதே வார்ப்பு, முடிப்புச் சொல்லும் கையெழுத்து இடமும் உடலைவிட்டுப் பிரிந்துபோகாமல் பிடித்துவைக்கிறது. மார்கஸ் கோம் உருவாக்கிய கோமா-ஸ்கிரிப்ட் தொகுப்பின் கடித வார்ப்பு இன்னும் ஒரு படி மேல்: தாளின் ஓரத்தில் மடிப்புக் குறி போட்டுத் தருகிறது, ஜன்னல் உறைக்குள் முகவரி சரியாகத் தெரியும்படி நிறுத்துகிறது.

பத்தி அமைப்பைச் சொல்லாமல் போனால் ரசனை முழுமை பெறாது. சாதாரண மென்பொருள்கள் பல, ஒரு வரியை நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட முறை, பத்தி முழுவதையும் பார்த்துவிட்டு எங்கெங்கே மடக்கினால் மொத்த இடைவெளியும் சீராக இருக்கும் என்று தேர்ந்தெடுக்கிறது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’, ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று நீளும் நம் அலுவல் சொற்களுக்கு இந்தக் கவனிப்பு மிகவும் தேவை. இல்லையென்றால் இரு ஓரமும் நேராக நிற்கும் தமிழ்ப் பத்தியில் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும்.

தமிழுக்குப் பழைய பிடிஎஃப்-லாடெக் சரிப்படாது. ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் வேண்டும், யூனிகோடு எழுத்துரு ஒன்றும் வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் கடிதத்துக்குக் கம்பீரமாகப் பொருந்துகிறது. ஒருமுறை வார்ப்பை அமைத்துவிட்டால் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு, நகல் எல்லாம் தத்தம் இடத்தில் நிற்கும்.

இந்த எல்லைப் பகுதிக்கு இதனால் இன்னொரு லாபம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். இங்கே மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதும் அதே கை, பொம்மசந்திரத்து வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்திலும், அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குக் கன்னடத்திலும் எழுத வேண்டியிருக்கிறது. வார்ப்பு ஒன்றே போதும். ‘பொருள்’ இருந்த இடத்தில் ‘விஷய’, ‘ஐயா’ இருந்த இடத்தில் ‘மான்யரே’ வந்து அமரும். விலை உயர்வை ஐம்பது பேருக்குத் தெரிவிக்க வேண்டுமா? முகவரிப் பட்டியல் தனி, கடிதம் தனி. பெயர் மாறிப் போகும் அவமானம் இல்லை.

வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் எழுதிய டெக்ஸ்ட் கோப்பு சில கிலோபைட்தான். எந்த எடிட்டரிலும் திறக்கும், பத்து வருஷத்துக் கடிதங்களில் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணை நொடியில் தேடிவிடலாம்.

கற்றுக்கொள்ளும் சிரமம் உண்டு. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் லாடெக் தரும் பிழைச் செய்தி புதியவரை மிரட்டும். அவர்களுக்கு 2023-இல் பொதுவெளிக்கு வந்த டைப்ஸ்ட் என்ற மென்பொருளைச் சொல்வேன். குறியீடு எளிது, எழுத எழுதப் பக்கம் கண்முன் மாறும், தமிழும் வருகிறது. நுணுக்கத்தில் லாடெக்கின் முதிர்ச்சிக்கு அது இன்னும் வரவில்லை என்பது என் கணிப்பு.

லாடெக்குக்கும் டைப்ஸ்டுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. உங்கள் பட்டறையில் ஜி-கோடு எழுதத் தெரிந்த பையன் ஒருவன் இருப்பான். லெட்டர்பேடையும் பழைய கடிதம் ஒன்றையும் அவனிடம் கொடுத்து, வார்ப்பு ஒன்று அமைக்கச் சொல்லுங்கள்.