வளைந்த முதுகுக்கு எந்த அளவுகோல்?

எலும்பு முறிந்து அறுவைக்குக் காத்திருப்பவரிடம் சத்துக்குறைவு இருந்தால், புண் ஆறத் தாமதமாகும். கிருமித் தொற்றும் எளிதில் ஏற்படும். இதில் எவருக்கும் ஐயமில்லை. அக்குறைவை எதைக் கொண்டு அறிவது என்பதில்தான் தகராறு.

இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் குறைந்தால் ‘சத்துக்குறைவு’ என்று எழுதிவிடுவது நெடுநாள் வழக்கம். எலும்பு அறுவை பற்றிய ஆய்வுகள் பலவும் இந்த எண்ணையே நம்பி நிற்கின்றன. ஆனால் ஆல்புமின் எங்கிருந்து வருகிறது? கல்லீரல் தயாரிக்கிறது. உடலில் காயம் பட்டதும் கல்லீரல் அந்த வேலையைக் குறைத்துக்கொண்டு வேறு புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. இருக்கும் ஆல்புமினும் இரத்தக் குழாய்களுக்கு வெளியே கசிகிறது. ஆகவே, நேற்றுவரை வயிறார உண்டவருக்கும் இடுப்பெலும்பு முறிந்தால் இந்த எண் இறங்கும். மாறாக, மாதக்கணக்கில் அரைவயிறு உண்டு எலும்பும் தோலுமாய் ஆனவரிடம் அது சரியாகவே இருக்கலாம். ஆல்புமின் அழற்சியைக் காட்டுவது, ஊட்டத்தை அல்ல என்று அமெரிக்காவின் ஆஸ்பென் சங்கமும் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. எண் பயனற்றதன்று, ஆபத்தைச் சுட்டும். ஆபத்து வேறு, பட்டினி வேறு.

சரி, எடையையும் உயரத்தையும் அளந்தால் போதாதா? தருமபுரி மாவட்டத்தில் அதுவும் ஏமாற்றக்கூடும். இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையை மீறிய நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பு இறுகி வளைந்துவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. காவிரி நீர் வந்தாலும் வளைந்த முதுகு நிமிராது.

40 கிலோ எடையுள்ள மூதாட்டியின் உண்மையான உயரம் 150 சென்டிமீட்டர் என்போம். உடல் நிறைக் குறியீடு 17.8, மெலிவு என்பது தெளிவு. கூனினால் உயரம் 142 ஆகிவிட்டால் அதே எடைக்குக் குறியீடு 19.8. ஒரு கவளம் கூட உண்ணாமலே அவர் ‘இயல்பு’ ஆகிவிடுகிறார்!

தையற்காரர் நாடா இதைவிட நேர்மையானது. மேற்கையின் நடுச்சுற்றளவு 23.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் குறியீடு பெரும்பாலும் 20-க்குக் கீழேதான் இருக்கும். முழங்கை முதல் மணிக்கட்டு வரை அளந்து உயரத்தைக் கணிக்கவும் அட்டவணை உண்டு. இவற்றோடு, ‘ஆறு மாதத்தில் இளைத்தீர்களா? எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை?’ என்ற இரு கேள்விகள். செலவே இல்லாத இச்சோதனையைத்தான் நாம் பல வேளைகளில் தவிர்த்துவிடுகிறோம்.

அடுத்தது உணவு. அறுவையை ஒட்டிய நாட்களில் கிலோ எடைக்கு 1.5 கிராம் புரதம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்குக் கணக்கு வேறு. நம் மூதாட்டிக்கு நாளைக்கு 60 கிராம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம். அந்தப் பெருமை அதற்கு உரியதே. எனினும் 50 கிராம் மாவில் காய்ச்சிய கஞ்சியில் புரதம் 4 கிராம்கூட இராது. ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு.